மிதிவண்டியை விட்டு இறங்காதவர்கள்

கோலாலம்பூரில் கேஎல் சென்ட்ரல் நிலையத்தை விட்டு பிரிக்பீல்ட்ஸ் பக்கம் இறங்கியவுடன் நடைபாதையின் நடுவே மஞ்சள் ஓடுகள் தொடங்கிவிடுகின்றன. நேராகப் போகலாம் என்று சொல்ல நீளக் கோடுகள். நில், கவனி என்று சொல்லக் குமிழ்கள். வெள்ளைக்கோலோடு நடப்பவர்களுக்காகப் பதித்தவை. அவற்றின் மேலேயே மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். நம் ஆட்கள்தானே!

இந்தப் பேட்டையைப் பற்றி எழுதுகிறவர்கள் மல்லிகைச் சரத்தையும் வாழையிலைச் சாப்பாட்டையும் எழுதிவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கம். 2010 அக்டோபரில் அன்றைய இந்திய, மலேசியப் பிரதமர்கள் மன்மோகன் சிங்கும் நஜிப்பும் சேர்ந்து 'லிட்டில் இந்தியா' என்று திறந்துவைத்த பிறகு, வளைவுகளைப் படம் எடுப்பதற்கும் ஆள் குறைவில்லை. நான் வேறு காரியமாக வந்திருந்தேன். 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தின் தொண்டராக இருந்தவள் நான். சாயங்காலம் ஒரு விளக்கு, ஒரு கரும்பலகை, களையெடுத்த கையோடு வந்து உட்காரும் பெண்கள்: இதுதான் எங்கள் மையம். படிக்க வாய்க்காமல் வளர்ந்துவிட்டவர்கள் பிறகு எப்படிப் படிக்கிறார்கள், அதற்கு ஒரு நாட்டின் கை இன்னொரு நாட்டுக்கு எட்டுகிறதா என்று பார்க்கும் அரிப்பு அன்றைக்குத் தொற்றியது. இன்னும் போகவில்லை. தமிழர்கள் கப்பலேறி வந்து ரயில் பாதை போட்ட ஊரில் அதற்கு விடை கிடைக்காதா என்று ஓர் ஆசை.

முதல் விடை, எதிர்பாராமல், ஒரு உடம்புபிடி நிலையத்தில் கிடைத்தது. பிரிக்பீல்ட்ஸில் பார்வையற்றவர்கள் நடத்தும் இத்தகைய நிலையங்கள் ஏராளம். காரணம் பக்கத்திலேயே இருக்கிறது. 1951இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இந்தப் பகுதியில்தான் இயங்குகிறது. அதன் தொழிற்பயிற்சி நிலையத்துக்குக் கர்னி பெயர். அதே 1951இல் கெரில்லாக்களின் துப்பாக்கிக்கு இரையான பிரிட்டிஷ் உயர் ஆணையர் ஹென்றி கர்னிதான் அவர். பெரியவர்களாகிவிட்ட பார்வையற்றோர் நாட்டின் பல மூலைகளிலிருந்தும் கூடை முடையவும், உடம்பு பிடிக்கவும், பிற்பாடு கணினி பழகவும் இங்கே வந்தார்கள். வந்தவர்களில் பலர் இங்கேயே தங்கிவிட்டார்கள். மஞ்சள் ஓடுகள் அதற்கப்புறம் வந்தவை.

"வாங்கக்கா, உக்காருங்க. ஊர்லேருந்து வர்றீங்களா? காலு ரொம்ப நடந்திருக்கு" என்றார் அந்த நிலையத்துக்காரர். ஐம்பது வயது இருக்கும். பேராக் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். பினாங்கில் பள்ளி, இங்கே தொழில். மலாய் பிரெயிலும் ஆங்கில பிரெயிலும் பள்ளியிலேயே படித்துவிட்டார். தமிழ் காதோடு நின்றுபோனது. நாற்பது வயதுக்கு மேல், தமிழ்நாடு போய்வந்த உறவினர் ஒருவர் பூவிருந்தவல்லி பிரெயில் அச்சகத்துப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுக்க, அதை வைத்துக்கொண்டு விரலால் தமிழ் படித்திருக்கிறார்.

"பாதி எழுத்து எனக்கு ஏற்கெனவே தெரிஞ்ச எழுத்துதான்க்கா" என்றார்.

அவர் சொன்னது சரி. பிரெயிலில் ஆறு புள்ளிகள். இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் மூன்று. முதல் புள்ளியும் மூன்றாம் புள்ளியும் எழும்பியிருந்தால் ஆங்கிலத்துக்கும் மலாய்க்கும் அது 'கே', தமிழுக்கு 'க'. அவற்றோடு நான்காவதும் சேர்ந்தால் அங்கே 'எம்', இங்கே 'ம'. இது தற்செயல் இல்லை. சுதந்திரத்தின்போது இந்தியாவில் ஒன்றோடொன்று ஒட்டாத பதினொரு பிரெயில் முறைகள் இருந்தன. ஒரு மாநிலத்தில் அச்சிட்டதை அடுத்த மாநிலத்துக்காரர் தடவிப் பார்த்துத் திகைப்பார். யுனெஸ்கோ தலையிட்டது. காலிப்போலிப் போரில் பார்வை இழந்து, பிறகு இந்தியாவில் டேராடூனில் போரில் கண்ணிழந்த சிப்பாய்களுக்குப் பயிற்சி நிலையம் நடத்திய நியூசிலாந்துக்காரர் குளூத்தா மெக்கென்சி அந்த வேலையை எடுத்துச் செய்தார். 1951 பிப்ரவரியில் பெய்ரூட்டில் ஆசிய, அரபு நாட்டுப் பிரதிநிதிகள் கூடி, ஒலி ஒன்றானால் புள்ளியும் ஒன்றாக இருக்கட்டும் என்ற கொள்கைக்கு வந்தார்கள். இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெயில் நிலைபெற்றது. பிற்பாடு இலங்கையும் நேபாளமும் வங்கதேசமும் அதையே ஏற்றுக்கொண்டன. 'கெ' என்று எழுதும்போது நாம் கொம்பை முன்னால் போடுகிறோமே, விரலுக்கு அந்தத் தொல்லைகூட இல்லை. முதலில் க, அப்புறம் எ. சொல்லும் வரிசையே எழுதும் வரிசை.

முதியோர் கல்வியில் நாடுகளின் ஒத்துழைப்பு என்றால் கொடிகளும் கோட்டுகளும் குழுப்படமும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் பெய்ரூட்டில் நடந்த அந்தக் கூட்டம், எழுபது வருடம் கழித்து, பிரிக்பீல்ட்ஸில் ஒரு மனிதரின் பாதி வேலையை முன்கூட்டியே முடித்துவைத்திருக்கிறது. ஒத்துழைப்பு இப்படி விரல்நுனி வரைக்கும் வந்து சேர்ந்தால்தான் எனக்கு அதில் நம்பிக்கை.

"எழுத்து வந்துடுச்சு. படிக்கப் புஸ்தகம் வேணுமே" என்று அவரே அடுத்த சிக்கலையும் எடுத்துவைத்தார். அதற்கும் இப்போது வழி பிறந்திருக்கிறது. 2013இல் மொராக்கோவின் மராகேஷ் நகரில் கையெழுத்தான உடன்படிக்கை, பார்வையற்றோருக்காக ஆக்கிய நூல்களைப் பதிப்புரிமைச் சிக்கலில்லாமல் எல்லை தாண்டி அனுப்ப இடம் தருகிறது. 2014இல் முதல் நாடாக அதற்கு ஒப்புதல் தந்தது இந்தியா. இலங்கை 2016இல் சேர்ந்தது. மலேசியாவுக்கு அது 2022 ஜூன் கடைசியில் நடைமுறைக்கு வந்தது. அதே ஜூன் மாதம், அதே மராகேஷில், யுனெஸ்கோவின் ஏழாவது உலக முதியோர் கல்வி மாநாடு நடந்தது. ஆக, தமிழ்நாட்டில் பிரெயிலிலோ ஒலிநூலாகவோ ஆக்கிய ஒரு தமிழ் நாவல் சட்டப்படியே பிரிக்பீல்ட்ஸுக்கு வரலாம். சட்டம் திறந்த கதவு வழியாகப் புத்தகம் வரவேண்டுமே! அதற்கு இரண்டு பக்கத்திலும் யாராவது ஒருவர் பட்டியல் எடுத்து, கடிதம் போட்டு, பொட்டலம் கட்டவேண்டும். நிலையத்துக்காரரிடம் உடன்படிக்கையைப் பற்றிச் சொன்னேன். "அப்படியா? யாருக்கு எழுதணும்?" என்று உடனே கேட்டார். விலாசம் கேட்கிற ஆள்தான் வேலை நடத்துவார்.

துன் சம்பந்தன் நிலையத்தில் மோனோரெயில் ஏறினால் அடுத்த நிறுத்தம் மகாராஜாலேலா. நிலையத்துக்குப் பெயர் கொடுத்தவரின் பெயரிலேயே ஜாலான் சுல்தான் சுலைமானில் ஒரு கட்டடம் நிற்கிறது: விஸ்மா துன் சம்பந்தன். தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் தலைமையகம். அங்குள்ள சோமா அரங்கத்தில் நூல் வெளியீடுகளும் இலக்கியக் கூட்டங்களும் நடப்பதால் கோலாலம்பூர் எழுத்தாளர்களுக்கு அது பழகிய வாசல்.

வீ.தி. சம்பந்தன் சுங்கை சிப்புட்காரர். நம்முடைய சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். மலாயா விடுதலை பெற்றதும் ஆங்கிலக் கம்பெனிகள் ரப்பர் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பின. வாங்கியவர்கள் துண்டு போட்டார்கள். துண்டான தோட்டத்தில் பால்மரம் வெட்டியவருக்கு வேலையும் இல்லை, குடியிருந்த லயமும் இல்லை. அப்போது, 1960இல், தொழிலாளிகளே சேர்ந்து தோட்டம் வாங்கலாம் என்று ஆரம்பித்த சங்கம் இது. பங்கு நூறு வெள்ளி. மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். அப்போது அமைச்சராக இருந்த சம்பந்தன் தோட்டந்தோட்டமாகப் போய்ப் பேசினார். முதல் தோட்டமாகக் கெடாவில் புக்கிட் சீடிம் கைக்கு வந்தது.

இதில் கல்வி எங்கே வந்தது என்று கேட்கலாம். எனக்கு இதுதான் கல்வி. கைநாட்டு வைத்துச் சம்பளம் வாங்கிய ஒருவர், பங்கு என்றால் என்ன, ரசீதை ஏன் பத்திரப்படுத்தவேண்டும், ஆண்டுக் கூட்டத்தில் கை தூக்குவதற்கு என்ன பொருள் என்பதையெல்லாம் நாற்பது வயதில் தெரிந்துகொள்ளவேண்டியிருந்தது. பாடத்திட்டம் எழுதாமலே நடந்த முதியோர் கல்வி. எங்கள் அறிவொளிப் பாடப்புத்தகத்தின் முதல் பாடமே 'பட்டா, படி' என்றுதான் இருக்கும். அணிலும் ஆடும் வேண்டாம், நிலத்தில் தொடங்குவோம் என்று அதை ஆக்கியவர்கள் நினைத்தார்கள். நிலம் இல்லாதவர்களுக்குப் 'பட்டா' என்று எழுதக் கற்றுக்கொடுக்கும்போது எங்கள் மையத்தில் கேலி பலமாக இருக்கும். சம்பந்தனின் ஆட்கள் எழுத்துக்கு முன்னால் நிலத்தையே கொடுத்துவிட்டார்கள்.

விஸ்மா துன் சம்பந்தன் நிற்கும் அதே தெருவில், அடுத்த எண்ணில், இன்னொரு முயற்சியும் சில வருடம் குடியிருந்தது. ஆசிய இ பல்கலைக்கழகம். 2002இல் தாய்லாந்தின் சா-அம் கடற்கரையூரில் தொடங்கிய ஆசிய ஒத்துழைப்புப் பேச்சு என்ற அமைப்பில் முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் இருக்கின்றன. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் நான்கும் உண்டு. அந்த அமைப்பில் மின்வழிக் கல்விக்கு மலேசியா பொறுப்பேற்றதன் விளைவாக 2007இல் இந்தப் பல்கலைக்கழகம் உருவானது. வேலை பார்த்துக்கொண்டே தொலைவிலிருந்து படிக்கும் பெரியவர்களுக்கானது. பிறகு சுபாங் ஜெயாவுக்கு இடம் மாறிவிட்டது.

பத்து வெள்ளிச் சங்கமும் முப்பது நாட்டுப் பல்கலைக்கழகமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்திருக்கின்றன என்பது எனக்குப் பிடித்திருந்தது. ஒன்று அடியிலிருந்து எழும்பியது, மற்றது மேலிருந்து இறங்கியது. இரண்டும் எங்கே சந்திக்கின்றன என்பதுதான் கேள்வி. மேலிருந்து வருவதில் தமிழனுக்கு ஒரு கூடுதல் சங்கடமும் உண்டு. தென்கிழக்காசியக் கல்வி அமைச்சர்களின் அமைப்பு 1965இலிருந்து இயங்குகிறது. வாழ்நாள் கல்விக்கென்றே ஹோ சி மின் நகரில் அதற்கு ஒரு மையம் இருக்கிறது. பதினொரு உறுப்பு நாடுகள். அதில் மலேசியாவும் சிங்கப்பூரும் உண்டு, இந்தியாவும் இலங்கையும் கிடையாது. கிள்ளானில் படிக்கும் ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு வியத்நாமிலிருந்து உதவி வரலாம். அவள் படிக்கும் மொழியில் புத்தகம் அச்சாகும் சென்னையும் யாழ்ப்பாணமும் அந்த வட்டத்துக்கு வெளியே. யாரையும் குறைசொல்லவில்லை. வரைபடம் அப்படி வெட்டியிருக்கிறது. அந்த வெட்டுக்கு மேலே தையல் போடவேண்டியது நம் வேலை.

கிள்ளானுக்குக் கொமுட்டரில் போனேன். கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைத்து 1886இல் போட்ட இருப்புப்பாதைதான் இந்த நாட்டின் பழம்பாதைகளில் ஒன்று. அன்றைக்கு ஈயம் போனது, இன்றைக்குக் குளிரூட்டிய பெட்டியில் பெண்களுக்குத் தனி இடத்தோடு நாம் போகிறோம். வண்டி அங்காசாபுரி, பந்தாய் டாலாம் கடக்கும்போது வலப்பக்கம் மேட்டுக்கு அப்பால் மலாயாப் பல்கலைக்கழகம். அங்கேதான் 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடியது. துங்கு அப்துல் ரஹ்மான் தொடங்கிவைத்தார். கூட்டியவர் சேவியர் தனிநாயகம் அடிகள். அப்போது இந்திய ஆய்வியல் துறைத் தலைவர். அவரை எல்லாரும் தமிழாய்வாளராக மட்டுமே நினைவில் வைத்திருக்கிறோம். கோலாலம்பூருக்கு வருவதற்கு முன் அவர் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வியியல் விரிவுரையாளர். லண்டனில் முனைவர் பட்டத்துக்கு அவர் ஆராய்ந்ததே பழந்தமிழ் இலக்கியத்தில் கல்விச் சிந்தனை. அப்படிப்பட்டவர் கட்டிய பாலத்தில் ஆய்வாளர்கள்தான் போய்வந்தார்கள். எழுத்துக் கூட்டத் தொடங்கிய தோட்டத் தொழிலாளிக்கும் ராமநாதபுரத்துக் கூலிப் பெண்ணுக்கும் நுவரெலியாத் தேயிலைக்காரிக்கும் ஒரே பாடப்புத்தகம் போதுமா என்று ஒரு அரங்கு நடத்தியிருந்தால், அவருக்கு அது பிடித்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

நாடு தாண்டிச் சேர்ந்து வேலை செய்வதில் கணினிக்காரர்கள் கெட்டிக்காரர்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட் மாநாட்டுக்குச் சிங்கப்பூர், மலேசியா, இலங்கையிலிருந்து வந்தவர்கள் விசைப்பலகைக்கும் எழுத்துரு முறைக்கும் உட்கார்ந்து சண்டை போட்டார்கள். பிறகு உத்தமம் என்று அமைப்பு கண்டார்கள். 2001இல் மாநாடு கோலாலம்பூரிலேயே நடந்தது. சென்னை மாநாட்டின் பலனாக 2001இல் பிறந்த தமிழ் இணையப் பல்கலைக்கழகத்துக்கு, அதாவது இன்றைய தமிழ் இணையக் கல்விக்கழகத்துக்கு, முதல் தலைவர் வா.செ. குழந்தைசாமி. இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர். தொலைதூரக் கல்வியின் நெளிவு சுளிவு தெரிந்தவர். இன்று கிள்ளானில் ஒரு பாட்டி பேரனுக்குத் தமிழில் குறுஞ்செய்தி அனுப்புகிறாள் என்றால், மலேசியாவின் முத்து நெடுமாறன் செய்த செல்லினமும் அந்தச் சண்டைகளும் அதற்குள் இருக்கின்றன.

ஷா ஆலம், பாடாங் ஜாவா, புக்கிட் பாடாக், பிறகு கிள்ளான். ஜாலான் தெங்கு கிளானாவில் புடவைக் கடைகளின் பாட்டுச் சத்தத்தில் நம் பேச்சு நமக்கே கேட்காது. ஒரு ஒட்டுக்கடையில் ரொட்டி சானாயும் தே தாரிக்கும். வேறெதையும் வேடிக்கை பார்க்கவில்லை, ஏனென்றால் எனக்குக் கிள்ளான் என்றால் 1941தான்.

அந்த ஆண்டு மார்ச்சில் தொடங்கி மே வரை கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் முன்னின்றது. தலைவர் ஆர்.எச். நாதன், 'தமிழ் நேசன்' பத்திரிகையின் துணையாசிரியர். நேசன் 1924இல் தொடங்கி 2019 பிப்ரவரி வரை வந்த நாளிதழ். தோட்டத்துக்கு வெளியே உலகம் என்று ஒன்று இருக்கிறது என்று எத்தனையோ பேருக்குக் காட்டியது. தொழிலாளிகள் காந்தி குல்லாய் போட்டுக்கொண்டார்கள். கோரிக்கைகளைப் பாருங்கள்: சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி. பெண்களிடம் தோட்டத்து அதிகாரிகள், வெள்ளையரானாலும் கறுப்பரானாலும், வாலாட்டக் கூடாது. கள்ளுக்கடைகளை மூடவேண்டும். பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளி வேண்டும். பேசவும் கூடவும் சங்கம் வைக்கவும் உரிமை. இவற்றோடு இன்னொன்று: தோட்டத் துரையோ கணக்கெழுதும் கிராணியோ எதிரே வந்தால் மிதிவண்டியை விட்டு இறங்கி நிற்கமாட்டோம்.

மே மாதம் நாதனைக் கைது செய்தார்கள். அவரை விடச் சொல்லிக் கூடிய கூட்டத்தின் மேல் சுட்டார்கள். ஐந்து தொழிலாளிகள் செத்தார்கள். சிலாங்கூரில் அவசரநிலை. நாதனை இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். அந்த வருட முடிவுக்குள் ஜப்பான்காரன் கோத்தா பாருவில் இறங்கிவிட்டான். துரைமார்கள் மிதிவண்டியில் வந்த படையிடமே தோற்றார்கள் என்பது சரித்திரத்தின் குறும்பு.

இந்தச் செய்தியை முதலில் படித்தபோது கூலியையும் கள்ளையும் தாண்டி மிதிவண்டியில்தான் என் கண் நின்றது. புதுக்கோட்டையில் ஷீலாராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலத்தில் அறிவொளியோடு சேர்த்துப் பெண்களுக்கு மிதிவண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தோம். ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றார்கள். பெண்கள் வண்டி கிடைக்காமல், குறுக்குக் கம்பி வைத்த ஆண்கள் வண்டியிலேயே ஓட்டினார்கள். கம்பியில் குழந்தையை உட்காரவைக்கத் தோதாகவும் போயிற்று. 1992 ஆகஸ்டில் மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவித்தபோது, வண்டி ஓட்டியதைத்தான் பல பெண்கள் பெருமையாகச் சொன்னார்கள், எழுத்தை அல்ல. கல்வித்துறைக்காரர்களுக்கு இதில் வருத்தம்கூட உண்டு. எனக்கு இல்லை. வளர்ந்தவர்கள் படிக்க வருவது எழுத்துக்காக அல்ல. நிமிர்ந்து போவதற்கு எழுத்து உதவுமானால் எழுத்துக்கும் வருவார்கள். கிள்ளான் தொழிலாளி ஐம்பது வருடத்துக்கு முன்பே இதைக் கோரிக்கையாக எழுதிக் கொடுத்திருக்கிறான். எங்கள் பயிற்சி முகாம்களில் பிரேசிலின் பாவ்லோ ஃபிரேயரைப் பற்றிப் பேசினோம், நல்லதுதான். கிள்ளானைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

கிள்ளானில் எனக்குத் தங்க இடம் கொடுத்த தங்கை பாலர் பள்ளி ஆசிரியை. தோட்டம் அடுக்குமாடிக்கு வழிவிட்டபோது குடும்பத்தோடு தாமான் குடியிருப்புக்கு வந்தவள். எஸ்பிஎம் பள்ளியிறுதிப் படிப்பு பாதியில் நின்றது. பாலர் பள்ளியில் ஆயாவாகச் சேர்ந்து, பிள்ளைகளைத் தூங்கவைத்து, பாட்டுச் சொல்லிக்கொடுத்து, மெல்ல ஆசிரியை ஆனவள். 2013இல் வந்த மலேசியக் கல்விப் பெருந்திட்டம், பாலர் பள்ளி ஆசிரியர்களுக்குக் குறைந்தது டிப்ளோமா வேண்டும் என்று இலக்கு வைத்தது. "இருபது வருசமா செய்யற வேலைக்கு இப்ப செர்ட்டிபிகேட் கேக்கறாங்கக்கா" என்றாள். கோபமாக இல்லை, ஒரு கணக்குச் சொல்வதாக.

அவளுக்கு வழி விட்டது 'ஏபெல்' என்று இங்கே எல்லாரும் சொல்லும் ஏற்பாடு. பட்டறிவைப் படிப்புக்கு ஈடாக மதிப்பது. மலேசியத் தகுதி முகமை நடத்துகிறது. பள்ளித் தகுதி இல்லாவிட்டாலும் டிப்ளோமா சேர இருபது வயதும் அந்தத் துறையில் அனுபவமும் போதும், இளங்கலைக்கு இருபத்தொன்று. தேர்வு ஒன்று எழுதவேண்டும், செய்த வேலைகளுக்குச் சான்று காட்டி ஒரு தொகுப்பும் கொடுக்கவேண்டும். தேறினால் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களில் மட்டுமின்றி மற்ற கல்லூரிகளிலும் கதவு திறக்கும்.

அவளுடைய தொகுப்பைச் சாப்பாட்டு மேசையில் விரித்துக் காட்டினாள். தடித்த ஃபைல். பிளாஸ்டிக் உறைகளில் ஒவ்வொன்றாக: முதலாளியின் கடிதம், ஒருநாள் பட்டறைகளின் சான்றிதழ்கள், அவள் அட்டையில் வெட்டிச் செய்த உயிரெழுத்துகள், பொங்கலன்று பிள்ளைகளோடு எடுத்த படம், தாய்மார்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய நன்றிச் செய்திகளின் அச்சுப்படி. ஒரு குழந்தை முதல் நாள் கிறுக்கியதும் ஆறு மாதம் கழித்து அதே குழந்தை எழுதிய 'அம்மா'வும் எதிரெதிர்ப் பக்கத்தில். இதைவிடப் பெரிய சான்று என்ன வேண்டும்? ஆனால் ஒவ்வொன்றுக்கும் கீழே மலாயில் விளக்கம் எழுதவேண்டியிருந்தது. தேர்வும் மலாயிலோ ஆங்கிலத்திலோதான். தமிழில் சொல்லிக்கொடுக்கும் திறமையைத் தமிழில் காட்டமுடியாது.

"அது பரவால்லக்கா, மலாய் எனக்கு வரும். இங்கிலீஷ் கணக்குதான் கொல்லுது. எங்க கூட்டத்துல ஆறு பேரு, சனிக்கிழமை எங்க வீட்லதான் படிப்போம்."

ஆறு பேரும் பாலர் பள்ளிக்காரிகள். சனிக்கிழமை மாலை இந்த மேசையைச் சுற்றித்தான் உட்கார்வார்களாம். ஒருத்திக்கு மலாய் நன்றாக வரும், ஒருத்திக்குக் கணினி. யாரும் யாருக்கும் ஆசிரியை இல்லை. எங்கள் மையம் நினைவுக்கு வந்தது, அதில் என்ன வியப்பு.

அவள் கேட்ட ஒரு கேள்விக்கு நேரான பதில் சொல்ல முடியவில்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தில் சான்றிதழ்ப் படிப்பு முடித்தால் இந்த ஃபைலில் சேருமா? தொகுப்பில் வைக்கலாம், மதிப்பீட்டாளர் பார்ப்பார்; அவ்வளவுதான். ஆசியான் நாடுகள் தங்களுக்குள் தகுதிகளை ஒப்பிட 2014 முதல் ஒரு பொதுச் சட்டகம் வைத்திருக்கின்றன. அதனால் மலேசிய டிப்ளோமா எந்தப் படியில் நிற்கிறது என்று பாங்காக்கில் புரியும். இந்தியாவிலும் முன்கற்றலை மதித்துச் சான்று தரும் திட்டம் இருக்கிறது, இலங்கையிலும் தேசியத் தொழில் தகைமைக்கு அதே வழி உண்டு. மூன்று நாடும் ஒரே யோசனைக்குத் தனித்தனியாக வந்து சேர்ந்திருக்கின்றன. ஆனால் ஒன்றின் தாள் மற்றொன்றில் தானாகச் செல்லுபடியாவதில்லை. தமிழில் பாலர் கல்வி நடத்துவது மூன்றிலும் ஒரே வேலைதானே? அதற்கு மட்டுமாவது ஒரு பொதுப் பட்டியல், இன்னின்ன தெரிந்திருந்தால் இன்ன படி என்று, மூன்று ஊர் ஆசிரியைகளும் சேர்ந்து எழுதக் கூடாதா? புள்ளியெழுத்துக்கு 1951இல் முடிந்தது. பாலர் பள்ளிக்கு முடியாது என்பதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை. அமைச்சர்கள் வேண்டாம். இந்த ஆறு பேரைப் போல் ஈரோட்டில் ஆறு பேர், மட்டக்களப்பில் ஆறு பேர் இருந்தால் ஜூம் செயலியே போதும். நான் இப்படிச் சொன்னதும், "ஈரோட்டுல யாரையாச்சும் தெரியுமாக்கா?" என்று நாட்காட்டியைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு எண்கள் அனுப்புவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

இத்தனை நேரமும் அவளுடைய மாமியார் வாசல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். பெயர் எழுதத் தெரியும், கடைப் பலகை படிப்பார், அதற்கு மேல் பழக்கமில்லை. அறிவொளி முடிந்த பிறகு வாசிப்பு இயக்கம் என்று நடத்தினோம். புதிதாகப் படித்தவர்களுக்காகப் பெரிய எழுத்தில், சில பக்கங்களில், நாட்டுப்புறக் கதைகளையும் நல்ல எழுத்தாளர்களின் கதைகளையும் சிறு புத்தகங்களாகப் போட்டோம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டுப் பரணில் இன்னும் ஒரு கட்டு இருக்கிறது.

"அத்தைக்கு அனுப்புங்கக்கா" என்றாள் தங்கை.

மாமியார் எங்கள் பக்கம் திரும்பினார். "பிள்ளைங்க புஸ்தகம் அனுப்பிடாதம்மா. இவ கொண்டாந்து குடுக்கறா, யானை பூனைன்னு படம் போட்டு. எனக்கு எழுபத்திரெண்டு வயசு. பேய்க்கதை இருந்தா அனுப்பு."